சின்ன மோட்டாருக்கு இன்வெர்ட்டர்: வாசகர் கேள்வி – பதில்

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் கேரள எல்லையோரத்து ஊர்களில் மரம் சாய்வதும் லைன் அறுவதும் வாடிக்கை. இந்த மாதம் வந்த கடிதங்களும் அதையொட்டியே இருக்கின்றன. இன்வெர்ட்டர் எத்தனை வாட் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மோட்டார் எந்த வகை என்பதைப் பாதிப்பேர் எழுதவில்லை. அது தெரியாமல் வடிவமைப்பைத் தொடங்க முடியாது. அதனால் சில பதில்கள் கேட்டதைவிட நீண்டுவிட்டன.

ஏலக்காய் ஸ்டோரில் ஈரக்காற்றை வெளியே தள்ள 230 வோல்ட், 90 வாட் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருக்கிறோம். நடுராத்திரி கரண்ட் போனால் ஈரம் தேங்கி, காயின் பச்சை நிறம் கெட்டுவிடுகிறது. 12 வோல்ட் பேட்டரியில் இந்த ஃபேனை மட்டும் ஓட்ட, எளிமையான, பேட்டரியைத் தின்னாத இன்வெர்ட்டர் நாமே செய்ய முடியுமா?
– தோட்டக்காரர், வண்டன்மேடு

முடியும். ஆனால் பேட்டரியைத் தின்னாத வழி என்று கேட்டால், முதல் பதில் இன்வெர்ட்டரே இல்லாத வழிதான். பேட்டரியில் நேராக ஓடும் 12 வோல்ட் டிசி எக்ஸாஸ்ட் ஃபேன் அதே அளவு இறக்கையோடு கிடைத்தால் வாங்கி மாட்டுங்கள். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) வகை என்றால் அதே காற்றுக்குப் பழைய ஃபேன் எடுப்பதில் பாதிகூட எடுக்காது. இருக்கிற ஃபேனைத்தான் ஓட்ட வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

ஃபேனின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை அல்லது கறுப்பு டப்பா போல ஒரு கண்டென்சர் (2 முதல் 4 மைக்ரோஃபாரட்) இருந்தால் அது கண்டென்சர் மோட்டார். கண்டென்சர் இல்லாமல், இரும்புத் துருவங்களின் ஓரத்தில் தடித்த செம்பு வளையம் மட்டும் இருந்தால் ஷேடட் போல் மோட்டார். கிளம்பும்போது ஷேடட் போல் மோட்டார் சாதாரண மின்னோட்டத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்குதான் இழுக்கும். கண்டென்சர் ஃபேன் இரண்டு, மூன்று மடங்கு. ஃபேனில் ஒரு சௌகரியம், நின்ற நிலையில் இறக்கைக்கு எதிர்ப்பு கிடையாது. எனவே மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றிக் கிளப்பலாம். தண்ணீர் மோட்டாருக்கு இந்தச் சலுகை இல்லை.

கணக்கு இப்படி: ஃபேன் 90 வாட். இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த எளிய இன்வெர்ட்டரின் திறன் 80 சதவீதம் என்று வையுங்கள். பேட்டரியிலிருந்து 112 வாட், அதாவது 12 வோல்ட்டில் 9.4 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தால் 600 வாட்-மணி. ஐந்து மணி நேரம் தாராளமாக ஓடும். கார் பேட்டரி வேண்டாம். அது செல்ஃப் எடுப்பதற்காகச் செய்தது. பாதிவரை இறக்கி இறக்கி ஏற்றினால் ஒரு மழைக்காலம் தாண்டுவதே சந்தேகம்.

சுற்றின் மையம் எஸ்ஜி3525 ஐசி. இரண்டு பக்கமும் மாறி மாறித் துடிப்பு கொடுக்கும், நடுவில் இடைவெளி விடும், மெதுவாகக் கிளம்பும் வசதியும் உள்ளேயே இருக்கிறது. வெளியே 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் உள் அலைவு 100 ஹெர்ட்ஸ். 5-ஆம் பின்னில் 0.1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கண்டென்சர், 6-ஆம் பின்னில் 120 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அதோடு தொடராக 50 கிலோ ஓம் பிரிசெட்டும் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்). மொத்தம் 143 கிலோ ஓம் பக்கத்தில் 100 ஹெர்ட்ஸ் வந்து நிற்கும். 5-க்கும் 7-க்கும் இடையே 100 ஓம். செராமிக் கண்டென்சரை இங்கே போடாதீர்கள். சூட்டுக்குச் சூடு அதன் மதிப்பு மாறும், ஃபேனின் வேகமும் கூடவே மாறும்.

1-ஆம் பின்னையும் 9-ஆம் பின்னையும் சேர்த்துவிடுங்கள். 16-ஆம் பின்னில் கிடைக்கும் 5.1 வோல்ட்டை 10 கிலோ ஓம் பிரிசெட்டில் பிரித்து 2-ஆம் பின்னுக்குக் கொடுங்கள். அங்கே 2.5 வோல்ட் பக்கம் வைத்தால் ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் மூன்றில் இரண்டு பங்கு நேரம் துடிப்பு, ஒரு பங்கு நேரம் ஓய்வு. இந்த மூன்றில் இரண்டு சும்மா வந்த எண் அல்ல. அந்த அகலத்தில்தான் மூன்றாம் ஹார்மோனிக் (50 ஹெர்ட்ஸோடு கலந்து வரும் 150 ஹெர்ட்ஸ் அலை) முழுதாக மறைகிறது. ஓய்வே இல்லாத முழுச் சதுர அலையில் மூன்றாம் ஹார்மோனிக் அடிப்படை அலையின் 33 சதவீதம்; அது மோட்டாரைச் சுற்றுவதற்கு உதவாமல் சூடாகவும் உறுமலாகவும் போகும். ஃபேனின் கண்டென்சருக்கு அது இன்னும் கெடுதல், ஏனென்றால் அதிர்வெண் கூடக் கூடக் கண்டென்சர் வழியே மின்னோட்டமும் கூடும்.

8-ஆம் பின்னிலிருந்து தரைக்கு 47 மைக்ரோஃபாரட். ஐசி அதை 50 மைக்ரோ ஆம்பியரால் நிரப்புகிறது என்பதால் முழு அகலத்துக்கு வர இரண்டு விநாடியை ஒட்டி ஆகும். ஃபேன் அதிர்ச்சியில்லாமல் கிளம்பும். 10-ஆம் பின்னை இப்போதைக்குத் தரையில் சேருங்கள். பேட்டரி 10.8 வோல்ட்டுக்குக் கீழே போனால் நிறுத்தும் கம்பேரேட்டரைப் பிறகு சேர்ப்பதானால், அதன் வெளிவாயில் வரவேண்டிய இடம் இதுதான். 13, 15-ஆம் பின்களுக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்காமல் 10 ஓம் வழியாக 470 மைக்ரோஃபாரட், அதன் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் போட்டுக் கொடுங்கள். மோட்டார் கிளம்பும்போது பேட்டரி மின்னழுத்தம் குழி விழும். ஐசி அதில் தடுமாறக் கூடாது.

11, 14-ஆம் பின்களிலிருந்து மாஸ்ஃபெட் (பேட்டரி மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) கேட்டுகளுக்கு, ஒவ்வொரு மாஸ்ஃபெட்டுக்கும் தனித்தனி 22 ஓம். ஒவ்வொரு கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 10 கிலோ ஓம். பக்கத்துக்கு இரண்டு ஐஆர்எஃப்3205, மொத்தம் நான்கு. ஒன்றே போதும், சூட்டுக் கணக்கில் ஒரு வாட்டை ஒட்டித்தான் வரும். இரண்டாவது, கிளம்பும் நேரத்துக்கான காப்பு. டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனைக்கு அருகே 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் இரண்டு. முதன்மைச் சுற்றின் இரு கோடிகளுக்கும் குறுக்கே 10 ஓம் 5 வாட், 0.1 மைக்ரோஃபாரட் தொடராக.

டிரான்ஸ்ஃபார்மரில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். வைண்டிங் கடையில் 9-0-9 (நடு முனைக்கு இரு பக்கமும் 9 வோல்ட்), 250 வாட் அளவு என்று கேளுங்கள்; 12-0-12 அல்ல. பேட்டரி சுமையில் 11 வோல்ட் என்றால், 230-ஐ 9-ஆல் வகுத்த விகிதத்தில் வெளியே உச்சி 281 வோல்ட். மூன்றில் இரண்டு பங்கு அகலத்தில் அதன் ஆர்எம்எஸ் மதிப்பு (சுமைக்கு உண்மையில் பயன்படும் அளவு) 230. 12-0-12 போட்டால் உச்சியே 211-தான் வரும், ஆர்எம்எஸ் 172-க்கு இறங்கிவிடும்.

முதல் சோதனையில் ஃபேனை மாட்டாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையைக் கழற்றி வைத்துவிட்டு, ஐசிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துக் கேட்டுகளை அளந்து பாருங்கள். இரண்டிலும் 3.5 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒரு பக்கமாகவே காந்தமேறிக்கொண்டு போகும். ஹெர்ட்ஸ் அளவில் 50. பிறகு நடு முனைக்குப் போகும் பேட்டரி வயரில் ஒரு 12 வோல்ட் கார் ஹெட்லைட் பல்பைத் தொடராகப் போட்டு இணையுங்கள். சுமையில்லாமல் பல்பு மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ சரி. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். பல்பு எரிவதோடு போகும், மாஸ்ஃபெட் பிழைக்கும்.

வெளியே வரும் மின்னழுத்தத்தைச் சாதாரண மல்டிமீட்டரில் அளந்து ஏமாற வேண்டாம். விலை குறைந்த மீட்டர் சராசரியை அளந்து, சைன் அலை என்று எண்ணிக்கொண்டு 1.11-ஆல் பெருக்கிக் காட்டும். உண்மையில் 230 இருக்கும்போது இந்த அலைக்கு அது 209 என்றே காட்டும். “குறைகிறதே” என்று பிரிசெட்டைத் திருகி 230 ஆக்கினால் உண்மையில் 240-ஐத் தாண்டியிருப்பீர்கள். ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ என்று எழுதிய மீட்டர் ஒன்றை ஒருநாள் இரவல் வாங்குங்கள், அல்லது 209-ஐ நம்புங்கள்.

வயர்: பேட்டரியிலிருந்து பலகை வரை 2 மீட்டருக்கு மேல் வேண்டாம், 6 சதுர மில்லிமீட்டர் செம்பு. 20 ஆம்பியர் பிளேட் ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். பேட்டரியும் பலகையும் உலர்த்தும் அறைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளேயிருக்கும் சூட்டில் பேட்டரியின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். இன்னொன்று: இந்தச் சுற்றில் பின்னூட்டம் (வெளியே வரும் மின்னழுத்தத்தைப் பார்த்துத் தானே சரிசெய்வது) இல்லை. சார்ஜர் பேட்டரியை 14.4 வோல்ட்டுக்குத் தூக்கியிருக்கும்போது இன்வெர்ட்டரையும் ஓட விட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதபடி சுவிட்சை அமைத்துக்கொள்ளுங்கள்.

சிடி4047 ஐசி, நான்கு ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட், பழைய இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய 9-0-9 டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் செய்தேன். பல்பு எரிகிறது. டேபிள் ஃபேன் மாட்டினால் மாஸ்ஃபெட் எரிகிறது. சில நேரம் சுமையே இல்லாமலும் எரிகிறது. என்ன காரணம் ஐயா?
– ஐடிஐ மாணவர், கொழிஞ்சாம்பாறை

தம்பி, முன் பதிலைப் படித்திருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். 9 வோல்ட் சுற்று 9 வோல்ட் சைன் அலைக்காகக் கட்டியது. அரைச் சுழற்சியில் சைன் அலையின் சராசரி 8.1 வோல்ட்; 10 மில்லி விநாடிக்குப் பெருக்கினால் 0.081 வோல்ட்-விநாடி. இரும்பு தாங்குவது அவ்வளவுதான், மேலே கொஞ்சம் இருப்பு. 4047 ஓய்வில்லாத முழுச் சதுர அலை தருகிறது: 12 வோல்ட், முழு 10 மில்லி விநாடி, 0.12 வோல்ட்-விநாடி. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு அரைச் சுழற்சியின் கடைசியிலும் இரும்பு நிரம்பி, சுற்று வெறும் செம்புக் கம்பியாகிவிடுகிறது. அப்போது பாயும் மின்னோட்டத்தைத் தடுக்கக் கம்பியின் மின்தடை மட்டும்தான். சுமையில்லாமலே எரிவதற்கு இதுதான் காரணம். எஸ்ஜி3525-இல் மூன்றில் இரண்டு பங்கு அகலம் வைத்தால் அதே 12 வோல்ட் 0.08-தான் தரும், இந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு அச்சாகப் பொருந்தும். 4047-ஐ விட மனமில்லை என்றால் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறுங்கள். முழுச் சதுர அலைக்கு அது கிட்டத்தட்டச் சரி, சுமை ஏறினால் 180 – 200 வோல்ட்டோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டும்.

ஃபேன் மாட்டியதும் எரிவது வேறு கதை. 4047-இன் வெளிவாய் சில மில்லி ஆம்பியர்தான் தரும். ஒரு ஐஆர்எஃப்இசட்44என் கேட்டை நிரப்ப 60 நானோ கூலும்புக்கு மேல் வேண்டும்; இரண்டைச் சேர்த்து மாட்டியிருக்கிறீர்கள். ஆகவே திறப்பதும் மூடுவதும் பல பத்து மைக்ரோ விநாடிகள் இழுக்கும். ஒரு பக்கம் மூடி முடிக்கும் முன் மறுபக்கம் திறந்துவிடும். பல்பு போன்ற சுமையில் இந்தச் சூட்டைத் தாங்கிவிடும்; மோட்டார் கிளம்பும் மின்னோட்டத்தில் தாங்காது. 10, 11-ஆம் பின்களுக்குப் பிறகு ஒவ்வொரு பக்கமும் பிசி547, பிசி557 ஜோடியைப் போடுங்கள். பேஸ் இரண்டும் சேர்ந்து ஐசிக்கு, எமிட்டர் இரண்டும் சேர்ந்து கேட்டுக்கு. கேட் ரெசிஸ்டர் 100 ஓம், அதற்குக் குறுக்கே 1என்4148 டயோடு, கோடு போட்ட முனை டிரான்சிஸ்டர் பக்கம். இப்படிச் செய்தால் மூடுவது வேகம், திறப்பது நிதானம். தேவைப்படும் இடைவெளி தானாகக் கிடைத்துவிடும்.

மூன்றாவது சந்தேகம், உங்கள் பலகையில் கேட்-சோர்ஸ் ரெசிஸ்டர் இருக்கிறதா? கடிதத்தில் அனுப்பிய படத்தில் இல்லை. ஐசியை சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டுப் பேட்டரியை இணைத்தால் கேட் காற்றில் மிதக்கும், விரல் பட்டாலே மாஸ்ஃபெட் திறக்கும். 10 கிலோ ஓம் போடாமல் அடுத்த மாஸ்ஃபெட் வாங்கப் போகாதீர்கள்.

ஃப்ரீக்வென்சி சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 10-ஆம் பின்னில் ஒரு சுழற்சியின் நேரம் 4.4 × ஆர் × சி. 0.1 மைக்ரோஃபாரட்டுக்கு 45.5 கிலோ ஓம். 39 கிலோ ஓமும் 10 கிலோ ஓம் பிரிசெட்டும் போதும். 13-ஆம் பின்னில் அளந்தால் இரட்டிப்பாக 100 காட்டும். அதைப் பார்த்து மதிப்பை மாற்றி 50 ஆக்கிவிட்டால் டிரான்ஸ்ஃபார்மருக்கு 25 ஹெர்ட்ஸ் போகும். அப்புறம் மாஸ்ஃபெட் டப்பாவாகத்தான் வாங்க வேண்டும்.

தையல் மெஷின் மோட்டார் 100 வாட். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் கெட்டுப்போகுமா?
– தையல்கடைக்காரர், களியக்காவிளை

கெடாது. அது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். ஏசியிலும் ஓடும், டிசியிலும் ஓடும். அலை வடிவத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. 4047-உம் 150 வாட் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரும் போதும், மேலே சொன்ன டிரான்சிஸ்டர் ஜோடியோடு. தொல்லை கால்மிதியில் வரலாம். உள்ளே கார்பன் தகடு அடுக்கிய பழைய கால்மிதி சரியாக வேலை செய்யும். டிரையாக் வைத்த எலெக்ட்ரானிக் கால்மிதி, சதுர அலையின் செங்குத்து ஏற்றத்தில் தானாகத் தூண்டப்பட்டு, லேசாக மிதித்தாலே முழு வேகத்தில் பாயும். கைவிரல் ஊசிக்குக் கீழே இருக்கும் தொழில். கார்பன் கால்மிதிக்கு மாறிவிடுங்கள்.

தென்னை நாற்றுப் பண்ணைக்கு அரை எச்பி மோனோபிளாக் மோட்டார். வீட்டு 850 விஏ இன்வெர்ட்டரில் போட்டால் ‘உம்’ என்று முனகிவிட்டு ஓவர்லோட் காட்டி நின்றுவிடுகிறது. அரை எச்பி 373 வாட்தானே?
– விவசாயி, கோபாலபுரம், பொள்ளாச்சி

373 வாட் என்பது தண்டில் கிடைக்கும் திறன். இந்த அளவு ஒற்றை பேஸ் மோட்டாரின் திறன் 60 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். உள்ளே போவது 620 வாட். பவர் ஃபேக்டர் 0.7 என்றால் 890 விஏ. அதாவது ஓடும்போதே உங்கள் இன்வெர்ட்டரின் எல்லையைத் தாண்டுகிறது. கிளம்பும் கணத்தில் ஐந்து, ஆறு மடங்கு: 20 ஆம்பியருக்கு மேல், 5 கேவிஏவைத் தொடும். இன்வெர்ட்டர் நின்றுபோனது அதன் நல்ல குணம்.

மின்னழுத்தத்தைக் குறைத்து மெதுவாகக் கிளப்பலாமே என்று தோன்றும். மின்னழுத்தம் பாதியானால் திருப்புவிசை கால் பங்காகிவிடும். வேகம் எட்டாததால் மோட்டாருக்குள் இருக்கும் சுழல் சுவிட்ச் விடுபடாது. ஸ்டார்ட்டிங் சுற்றும் ஸ்டார்ட் கண்டென்சரும் சில விநாடி வேலைக்காகச் செய்தவை, நிமிடக்கணக்கில் மின்சாரம் பாய்ந்து கருகும். இதே காரணத்தால் ஒற்றை பேஸ் கண்டென்சர்-ஸ்டார்ட் மோட்டாரை விஎஃப்டியிலும் (அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மாட்டக் கூடாது, கடைக்காரர் என்ன சொன்னாலும்.

சரியான வழி, அரை எச்பி மூன்று பேஸ் மோட்டார் வைத்த பம்பும், ஒற்றை பேஸ் 230 உள்ளே, மூன்று பேஸ் 230 வெளியே தரும் 0.75 கிலோவாட் விஎஃப்டியும். விஎஃப்டி அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் சேர்த்தே ஏற்றுவதால் திருப்புவிசை குறையாது, கிளம்பும் மின்னோட்டமும் ஓடும் மின்னோட்டத்தைப் பெரிதாகத் தாண்டாது. ஏற்றும் நேரத்தை 6 விநாடி வையுங்கள். சின்ன மூன்று பேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட் ஸ்டாராகக் கட்டி வரும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருந்தால் பட்டைகளை மாற்றி டெல்டாவாக்கலாம். மூன்றே முனை என்றால் வைண்டிங் கடையில் உள்ளிருக்கும் ஸ்டார் முடிச்சைப் பிரித்து ஆறாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். டெல்டாவாக்காமல் 230-இல் ஓட்டினால் தண்ணீர் ஏறாது. விஎஃப்டியின் உள்வாய், அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தை உறிஞ்சும். அதனால் முன்னால் இருக்கும் இன்வெர்ட்டர் 1.5 கேவிஏ, சைன் அலை, 24 வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டில் 620 வாட் என்றால், இன்வெர்ட்டரின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால், 65 ஆம்பியர். வயரிலும் பேட்டரியிலும் நிறையச் சூடாகவே வீணாகும்.

இவ்வளவு செலவுக்கு முன் ஒன்றை யோசியுங்கள். 1000 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவைத்தால் அதில் சேரும் ஆற்றல் வெறும் 27 வாட்-மணி. மோட்டாரும் பம்பும் வீணாக்குவதைச் சேர்த்தாலும் 100 வாட்-மணியை ஒட்டித்தான். நாற்றுப் பண்ணைக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் வேண்டுமோ அதற்கேற்ற மேல்தொட்டியைக் கரண்ட் இருக்கும்போது நிரப்பிக்கொண்டால், பேட்டரியே வேண்டாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியை மாற்றவும் வேண்டாம்.

120 வாட் கண்டென்சர் மோட்டாரில் மிளகு தூற்றும் விசிறி ஓட்டுகிறேன். சைன் அலைக்காக இஜிஎஸ்002 போர்டு, நான்கு ஐஆர்எஃப்3205, 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தேன். 230-க்குப் பதில் 130 வோல்ட்தான் வருகிறது. போர்டு பழுதா?
– வாசகர், செங்கோட்டை

போர்டு நல்ல போர்டு, கணக்குதான் தவறு. சைன் அலையின் உச்சி பேட்டரி மின்னழுத்தத்தைத் தாண்ட முடியாது. பேட்டரி சுமையில் 10.5 வோல்ட், மாஸ்ஃபெட்டிலும் வயரிலும் அரை வோல்ட் போனால் உச்சி 10. அதை 1.414-ஆல் வகுத்தால் 7 வோல்ட் ஆர்எம்எஸ். 12 வோல்ட் சுற்றில் 7 கொடுத்தால் மறுபக்கம் 134. நீங்கள் அளந்தது மிகச் சரி.

12 வோல்ட் பேட்டரிக்கு 7 வோல்ட் சுற்று வைத்த டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதைவிட லேசான வழி, அதே பேட்டரி இன்னொன்றைத் தொடராகச் சேர்த்து 24 வோல்ட் ஆக்குவது. 21 வோல்ட்டிலும் 14 வோல்ட் ஆர்எம்எஸ் கிடைக்கும். பின்னூட்டம் அதை 12-க்குக் குறைத்துக்கொள்ளும், டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற வேண்டாம். மின்னோட்டமும் பாதியாவதால் திறனும் கூடும். இது பிரிட்ஜ் சுற்று என்பதால் மாஸ்ஃபெட்டில் விழுவது பேட்டரியின் மின்னழுத்தம் மட்டுமே. 55 வோல்ட் ஐஆர்எஃப்3205 தாங்கும். முதல் பதிலில் உள்ள நடுமுனைச் சுற்றை 24 வோல்ட்டுக்கு மாற்றினால் தாங்காது. அங்கே இரட்டிப்பு விழும்: சார்ஜ் நிலையில் 57 வோல்ட்டுக்கு மேல். அதற்கு 100 வோல்ட் மாஸ்ஃபெட் தேடுங்கள்.

இஜிஎஸ்002-க்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தனித்தனியே வேண்டும். 24-ஐ நேராகக் கொடுத்துவிடாதீர்கள். 7812-ஐ ஹீட் சிங்கில் வைத்து, அதன் பின்னால் 7805. மின்னோட்டம் உணரும் பின்னை இப்போது பயன்படுத்தவில்லை என்றால் தரையில் சேருங்கள், அதில் 0.5 வோல்ட் ஏறினால் போர்டு நின்றுவிடும். பின்னூட்டத்தை 230 பக்கத்திலிருந்து ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக எடுங்கள். அப்போதுதான் பேட்டரிப் பக்கம் தொட்டால் ஷாக் அடிக்காது.

கடிதத்தில் சோக் (கம்பிச் சுருள்) பற்றிப் பேச்சே இல்லை. போர்டு 23.4 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது. அதை நேராக இரும்பு டிரான்ஸ்ஃபார்மருக்குள் விட்டால் சுமையில்லாமலே சூடாகும். பிரிட்ஜுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே 50 மைக்ரோஹென்றி ஃபெரைட் சோக், இடைவெளி விட்ட கோர், 25 ஆம்பியருக்கு நிரம்பாதது. 230 பக்கம் 2.2 மைக்ரோஃபாரட் 440 வோல்ட் ஏசி கண்டென்சர். டெட் டைம் (ஒரு மாஸ்ஃபெட் மூடி மற்றது திறக்கும் முன் விடும் இடைவெளி) ஜம்பரை 1 மைக்ரோ விநாடியில் வையுங்கள். மெதுவாகக் கிளம்பும் ஜம்பரைப் போட்டால் 3 விநாடியில் ஏறும். விசிறிதானே, அது போதும்.

உங்கள் ஊர்ச் சாரல் பற்றி ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் பலகையில் ஈரம் படிந்தால் கேட் முனைகளில் கசிவு வரும், காரணம் தெரியாமல் எரியும். சோதித்து முடித்ததும் பலகையின் இரு பக்கமும் வைண்டிங் வார்னிஷ் ஒரு பூச்சு. ஹீட் சிங்க் தொடும் இடமும் பிரிசெட்டின் திருகும் மட்டும் விலக்கு.

செய்த இன்வெர்ட்டரை வீட்டு பிளக் பாயிண்டில் இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரால் கொடுத்தால் எல்லா இடத்திலும் வருமே, அப்படிச் செய்யலாமா?
– வாசகர், கம்பம்

செய்யக் கூடாது. மெயினை அணைக்க ஒருநாள் மறந்தால், உங்கள் 230 வோல்ட் தெருவிலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்வழியாகப் போகும். அது இரு பக்கமும் வேலை செய்யும் பொருள். மறுபக்கத்துக் கம்பியில் 11,000 வோல்ட் எழும். லைன் அறுந்த இடத்தில் கைவைத்திருப்பவர் கேரள மின்வாரிய (கேஎஸ்இபி) லைன்மேனாக இருந்தாலும் நம் மின்வாரிய லைன்மேனாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான். திறந்திருக்கும் ஆண் பிளக்கின் பித்தளைக் கம்பிகள் வீட்டுக் குழந்தைக்கும் அதே ஆபத்து.

இரண்டு துருவச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வாங்கி, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றும்படி மாட்டுங்கள். நடுவில் ‘ஆஃப்’ நிலை உள்ளதாக இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை ஒரு மூலத்திலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தள்ளினால் இரண்டின் அலையும் எதிரெதிராக மோதி மாஸ்ஃபெட் போய்விடும். ‘ஆஃப்’பில் மோட்டார் நிற்கும்வரை வைத்திருந்து பிறகு தள்ளுங்கள். பேட்டரிப் பக்கம் வீட்டு ஏசி எம்சிபியைப் போடாதீர்கள். டிசியில் தீப்பொறி எளிதில் அணையாது. டிசி என்று எழுதிய எம்சிபி, அல்லது பிளேட் ஃபியூஸ்.